இரண்டு பாடசாலைகள்: சார்லொட் புரொன்டியின் வாழ்வும் எழுத்தும்

எமது பாடசாலை நூலகத்தில் ஆங்கில நாவல்கள் இருந்த அலுமாரியில் அதிகம் கைமாறிய நூல் எது என்று கேட்டால், என் காலத்து மாணவிகள் பலர் 'ஜேன் எயர்' என்றே சொல்வர். சிலர் அதைச் சுருக்கப் பதிப்பாகப் படித்தோம். சிலர் முழுமையாகவே படித்தோம். தாய் தந்தையற்ற ஒரு சிறுமி, அவளை வேண்டாத சுமையாக நடத்தும் மாமி, பசியும் குளிரும் நிறைந்த ஒரு விடுதிப் பாடசாலை, அங்கே கிடைத்த ஒரேயொரு நல்ல தோழி, அந்தத் தோழியின் இறப்பு. இந்த முதற்பகுதியைப் படித்த எவரும் அதை இலகுவில் மறப்பதில்லை.

அந்த நாவலை எழுதிய சார்லொட் புரொன்டி 38 வயது வரையே வாழ்ந்தார். ஆறு பிள்ளைகள் பிறந்த குடும்பத்தில் மற்ற ஐவரும் இறப்பதைக் கண்டவர். அவருடைய வாழ்க்கையை எழுதும் பலர், இத்தனை துன்பம் இருந்தபடியால்தான் அவர் இவ்வளவு பெரிய எழுத்தாளரானார் என்று முடித்துவிடுகிறார்கள். ஒரு வைத்தியராக எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. துன்பம் அவருக்கு எழுதுவதற்கான பொருளைக் கொடுத்தது உண்மை. ஆனால் எழுதும் ஆற்றலை வளர்த்தவை வேறு. அவற்றுள் ஒன்று ஒரு நல்ல பாடசாலை. நூற்றாண்டு காணும் எமது பாடசாலையின் மலருக்கு எழுதும்போது அதைப் பற்றிச் சொல்வது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

ஹாவர்த் குருமனை

சார்லொட்டின் தந்தை பற்றிக் புரொன்டி அயர்லாந்தின் டவுன் பிரதேசத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் 1777இல் பிறந்தவர். பத்துப் பிள்ளைகளில் மூத்தவர். தம் முயற்சியால் படித்து, 1802இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சென் ஜோன்ஸ் கல்லூரியில் சலுகைக் கட்டணம் பெறும் ஏழை மாணவராகச் சேர்ந்து, அங்கிலிக்கன் திருச்சபையின் குருவானார். 1812இல் மரியா பிரான்வெல் என்பவரை மணந்தார். மரியா, எலிசபெத், சார்லொட், பிரான்வெல், எமிலி, ஆன் என்று ஆறு பிள்ளைகள். பிரான்வெல் மாத்திரம் ஆண். சார்லொட் 1816 ஏப்ரல் 21ஆம் திகதி யோர்க்ஷயர் பகுதியின் தோர்ன்டன் என்ற ஊரில் பிறந்தார்.

1820இல் குடும்பம் ஹாவர்த் என்ற மலைக்கிராமத்துக்கு வந்தது. குருமனையின் ஒரு பக்கம் திறந்த மேட்டுநிலம். மற்றப் பக்கம் கல்லறைத் தோட்டம். கல்லறைகள் ஊருக்கு மேலே சரிவில் இருந்தன. ஊரில் முறையான வடிகால் இல்லை. குடிநீர் அசுத்தமடைந்திருந்தது. பின்னாளில் பற்றிக் புரொன்டியும் ஊரவரும் செய்த விண்ணப்பத்தின் பேரில் அரசாங்கம் பெஞ்சமின் பாபேஜ் என்ற அதிகாரியை அனுப்பி ஆராய்ந்தது. 1850இல் வெளியான அவருடைய அறிக்கையின்படி ஹாவர்த்தில் இறப்பவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 25. நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஆறு வயதை எட்டாமலே இறந்தார்கள். எல்லாரும் 25 வயதில் இறந்தார்கள் என்பது இதன் பொருளல்ல. குழந்தைகள் அவ்வளவு பேர் இறந்ததால்தான் சராசரி அப்படிக் கீழே இறங்கியது. அந்த ஊரில் ஒரு பிள்ளையைப் பெரியவளாக்கிக் காண்பதே ஒரு பேறு.

குடிவந்து ஒன்றரை வருடத்துக்குள், 1821 செப்டெம்பரில், தாய் மரியா நீண்ட வேதனைக்குப் பின் இறந்தார். கடைக்குட்டி ஆனுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. தாயின் சகோதரி எலிசபெத் பிரான்வெல் வந்து வீட்டைப் பொறுப்பேற்றார். தாயில்லாத அந்த வீட்டில், ஏழு வயதேயான மூத்தவள் மரியா தன் தம்பி தங்கைகளுக்குச் சின்னத் தாயாக இருந்தாள். பத்திரிகையைத் தானே படித்து அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

கோவன் பிரிட்ஜ்

ஐந்து பெண்பிள்ளைகளை வைத்திருந்த வசதியற்ற குருவானவருக்கு, அவர்களுக்குத் தொழில் செய்து வாழக்கூடிய ஒரு கல்வியைக் கொடுக்கவேண்டிய கவலை இருந்தது. 1824 ஜனவரியில் கோவன் பிரிட்ஜ் என்ற இடத்தில் குருமார்களின் பெண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பாடசாலை திறக்கப்பட்டது. நிறுவியவர் வில்லியம் கேரஸ் வில்சன் என்ற குருவானவர். நன்கொடையாளர் உதவியுடன் நடந்ததால் கட்டணம் குறைவு. வருடத்துக்கு 14 பவுண். அந்த ஆண்டின் ஜூலையில் மரியாவும் எலிசபெத்தும், ஓகஸ்டில் சார்லொட்டும், நவம்பரில் எமிலியும் அங்கே சேர்க்கப்பட்டார்கள். சார்லொட்டுக்கு எட்டு வயது, எமிலிக்கு ஆறு.

பாடசாலையின் நோக்கத்தில் குறையில்லை. குறை நடைமுறையில் இருந்தது. அடிப்பிடித்த கஞ்சியும் பழுதான பாலும் பரிமாறப்பட்டன. ஞாயிறு தோறும் பிள்ளைகள் இரண்டு மைலுக்கு மேல் நடந்து ரன்ஸ்ரல் தேவாலயத்துக்குப் போனார்கள். மாரியில் நனைந்த காலுடன் குளிரான ஆலயத்தில் இருந்து, ஆலய வாசலின் மேலறையில் குளிர்ந்த உணவைத் தின்று, பின்னேர ஆராதனையும் முடிந்த பின்னரே திரும்பினார்கள். வளரும் பிள்ளைகளுக்கு உடம்பை வருத்துவது ஆன்மாவுக்கு நல்லது என்ற எண்ணம் பாடசாலையை ஆண்டது.

காசநோயைப் பரப்புவதற்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை நினைத்துப் பார்ப்பது கடினம். அந்நோயின் கிருமியை ரொபர்ட் கொக் கண்டறிந்து அறிவித்தது 1882இல். அது இருமும்போது காற்றில் பரவுவது என்பதோ, நெருக்கமான மூடிய அறைகளில் எளிதில் தொற்றும் என்பதோ, போதிய உணவில்லாத உடம்பு அதை எதிர்த்து நிற்காது என்பதோ அன்று எவருக்கும் தெரியாது. ஆனால் இருமும் பிள்ளையைக் கட்டிலில் படுக்க விடவேண்டும் என்பதற்கு விஞ்ஞானம் தேவையில்லை. மரியாவுடன் படித்த ஒருவரின் நினைவாக எலிசபெத் காஸ்கெல் என்ற நாவலாசிரியை பதிவு செய்திருக்கும் ஒரு சம்பவம் உண்டு. நோய் முற்றிய மரியாவுக்கு விலாவில் மருந்துப் பற்றுப் போட்டிருந்தார்கள். அந்தக் காலையில் அவளால் எழும்ப முடியவில்லை. ஆசிரியை ஒருவர் அவளைக் கையில் பிடித்துக் கட்டிலிலிருந்து இழுத்துவிட்டு, ஒழுங்கீனம் என்று ஏசினார். மரியா ஒன்றும் பேசாமல் மெதுவாக உடுத்துக்கொண்டு கீழே போனாள். பிந்தி வந்ததற்காக அங்கேயும் தண்டிக்கப்பட்டாள்.

1825 பெப்ரவரியில் மரியா வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். மே 6ஆம் திகதி இறந்தாள், வயது 11. இளவேனிற் காலத்தில் பாடசாலையில் காய்ச்சலும் பரவியது. எலிசபெத்தும் நோயுடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். உடனே தந்தை போய் சார்லொட்டையும் எமிலியையும் அழைத்து வந்தார். ஜூன் 15இல் எலிசபெத்தும் இறந்தாள், வயது 10. ஆறு கிழமைக்குள் இரண்டு இறப்புகள். வீட்டில் நடுவில் நின்ற பிள்ளை, ஒன்பது வயதில், எல்லாருக்கும் மூத்தவளானாள்.

இருபத்திரண்டு வருடங்களின் பின் 'ஜேன் எயர்' வெளிவந்தபோது கோவன் பிரிட்ஜ் லோவுட் ஆகியிருந்தது. மரியா, ஹெலன் பேர்ன்ஸ் என்ற தோழியாகியிருந்தாள். ஹெலன் அளவுக்கு மீறிய நல்லவளாக இருக்கிறாள், நம்ப முடியவில்லை என்று சிலர் குறைகூறினார்கள். தான் எதையும் கற்பனையாகச் சேர்க்கவில்லை என்பதே சார்லொட்டின் பதில். உண்மையில் அவர் சிலவற்றைத் தணித்தே எழுதினார். நாவலைப் படித்த பழைய மாணவிகள், பெயர் மாற்றப்பட்டிருந்தும் தங்கள் பாடசாலையை உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள்.

பன்னிரண்டு மரப் போர்வீரர்கள்

அதன் பின் ஐந்து வருடங்களுக்கு மேலாகச் சார்லொட் எந்தப் பாடசாலைக்கும் போகவில்லை. எஞ்சிய நால்வரும் வீட்டில் படித்தார்கள். பற்றிக் புரொன்டியைக் கடுமையான மனிதராகச் சித்திரிப்போர் உண்டு. ஆனால் ஒரு காரியத்தில் அவர் தம் காலத்துத் தகப்பன்மாரிலிருந்து வேறுபட்டார். வீட்டில் வந்த எந்தப் புத்தகத்தையும் பத்திரிகையையும் பிள்ளைகளிடமிருந்து மறைக்கவில்லை. பைரனின் கவிதைகளும் அராபிய இரவுக் கதைகளும் அரசியல் விவாதங்களும் பெண்பிள்ளைகளின் கைக்கு எட்டின. பியூவிக் வரைந்த பறவைகள் நூலும் அங்கே இருந்தது. ஜேன் எயரைத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருந்து வாசிப்பவளாக நாம் முதலில் சந்திக்கும்போது அவள் மடியில் இருப்பது அதே நூல்.

1826 ஜூனில் தந்தை லீட்ஸ் நகரிலிருந்து பிரான்வெலுக்குப் பன்னிரண்டு மரப் போர்வீரர்களை வாங்கி வந்தார். ஆளுக்கொரு வீரனை எடுத்துப் பெயர் வைத்தார்கள். அவர்களுக்கு ஒரு நாடு வேண்டும் அல்லவா? கண்ணாடி நகரம் என்று ஒன்றைக் கற்பனை செய்தார்கள். நாட்டுக்குச் சரித்திரமும் பத்திரிகையும் வேண்டும் என்று அவற்றையும் எழுதினார்கள். அந்தப் புத்தகங்கள் பொம்மை வீரர்கள் படிக்கும் அளவில், தீப்பெட்டி அளவாக இருந்தன. சீனி சுற்றி வந்த கடதாசிகூட அவற்றுக்கு அட்டையாகியது. எழுத்துகள் பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத அளவு சிறியவை. கிட்டப்பார்வையுள்ள சார்லொட் முகத்தைத் தாளோடு ஒட்டவைத்தபடி அவற்றை எழுதினார். பின்னர் சார்லொட்டும் பிரான்வெலும் அங்கிரியா என்ற நாட்டையும், எமிலியும் ஆனும் கொண்டல் என்ற நாட்டையும் பிரித்துக்கொண்டார்கள்.

மூன்று நாவலாசிரியைகள் உருவானது இந்தப் பயிற்சியில். எழுதியதை உடனே வாசித்துக்காட்ட ஆளிருந்தது. குறை சொல்ல ஆளிருந்தது. இரவில் வேலைகள் முடிந்த பின் சகோதரிகள் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி தங்கள் கதைகளைப் பேசும் வழக்கம், அவர்கள் வளர்ந்த பின்னும் தொடர்ந்தது.

ரோ ஹெட்

1831 ஜனவரியில், பதினான்கு வயதில், சார்லொட் இரண்டாவது பாடசாலைக்குப் போனார். ரோ ஹெட் என்ற இடத்தில் மார்கரெட் வூலர் என்ற பெண்மணி தம் சகோதரிகளுடன் நடத்திய சிறிய பாடசாலை அது. மாணவிகள் பத்துப் பேரளவில்தான். குள்ளமான, பழைய உடுப்பு உடுத்த, அயர்லாந்து வாடையுடன் பேசிய அந்தப் பிள்ளைக்குப் பந்து விளையாடத் தெரியாது, கண் தெரியாது. இலக்கணத்திலும் புவியியலிலும் பின்தங்கியிருந்தார். அதேவேளை ஆசிரியைக்கே தெரியாத கவிதைகளை மனப்பாடமாகச் சொன்னார். மிஸ் வூலர் அவரைக் கீழ்வகுப்பில் தள்ளிவைக்க எண்ணினார். அழுகையைக் கண்டதும் மனமிரங்கி, உன் வயதுப் பிள்ளைகளோடு இரு, விட்டதைத் தனியாகப் படித்து எட்டிப்பிடி என்று வழிவிட்டார். ஒன்றரை வருடத்தில் சார்லொட் பாடசாலையின் முதல் மாணவியானார்.

அங்கே இரண்டு தோழிகள் கிடைத்தார்கள். எலன் நஸி அமைதியானவர். மேரி டெய்லர் துணிச்சல்காரி. இருவரும் சாகும்வரை தோழிகள். மேரி பின்னர் நியூசிலாந்துக்குப் போய் வெலிங்டன் நகரில் கடை வைத்து நடத்தினார். பெண்ணொருத்தி தன் கையால் உழைத்து வாழலாம் என்பதைச் சொல்லிலன்றி வாழ்க்கையில் காட்டியவர். பெல்ஜியத்திலிருந்து மேரி எழுதிய கடிதம்தான் சார்லொட்டுக்கு வெளிநாடு போய்ப் படிக்கும் ஆசையை மூட்டியது. எலனோ, சார்லொட் எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்களைப் பத்திரப்படுத்தினார். அவற்றை எரித்துவிடும்படி பிற்காலத்தில் சார்லொட்டின் கணவர் கேட்டும் எலன் எரிக்கவில்லை. இன்று இந்த வாழ்க்கையைப் பற்றி நாம் இவ்வளவு அறிந்திருப்பதற்கு ஒரு பாடசாலைத் தோழியின் அலுமாரியே காரணம்.

பதினாறு பவுண் வாழ்க்கை

படித்த, சொத்தில்லாத பெண்ணுக்கு அக்காலத்தில் திறந்திருந்த கௌரவமான வழி ஆசிரியத் தொழில் ஒன்றுதான். 1835 முதல் மூன்று வருடங்கள் சார்லொட் ரோ ஹெட் பாடசாலையிலேயே கற்பித்தார். தம்பி தங்கைகளின் செலவுக்கு உதவவேண்டிய மூத்தவளின் கடமை அது. பகல் முழுவதும் கற்பித்து, இரவில் திருத்த வேலை செய்து, எழுதுவதற்கு நேரமில்லாமல் மனம் வாடினார். இருந்தும் 1836 கடைசியில் தம் கவிதைகளை அரசவைக் கவிஞர் ரொபர்ட் சதேக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக முடியாது, ஆகவும் கூடாது என்ற கருத்தில் பதில் வந்தது. சார்லொட் பணிவாக நன்றி எழுதினார். எழுதுவதை நிறுத்தவில்லை.

பின்னர் செல்வந்தர் வீடுகளில் தங்கிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியையாக 1839இலும் 1841இலும் வேலை செய்தார். 1841இல் வருடச் சம்பளம் 20 பவுண். உடுப்புக் கழுவும் செலவைக் கழித்தபின் 16 பவுண் கையில் மிஞ்சியது. அந்த வீடுகளில் ஆசிரியைக்கு ஓர் இடமில்லை. வேலைக்காரருடன் சேரமுடியாது, வீட்டாருடனும் சேரமுடியாது. பகலில் பிள்ளைகளைப் பார்த்து, இரவில் குவியல் குவியலாகத் துணி தைக்கவேண்டும். வரவேற்பறையின் மூலையில் இருந்தும் எவர் கண்ணிலும் படாத அந்த நிலையை அனுபவித்தவர்தான், ஏழை, அழகில்லாதவள், சின்ன உருவத்தாள் என்பதால் தனக்கு மனமும் ஆன்மாவும் இல்லை என்று நினைக்கவேண்டாம் என எசமானின் முகத்துக்கு நேரே சொல்லும் ஒரு கதாநாயகியைப் படைக்க முடிந்தது. அதற்கு முன்னர் ஆங்கில நாவலில் கதாநாயகி என்றால் அழகி. அழகில்லாத பெண்ணுக்கும் கதையுண்டு என்பது சார்லொட் கொண்டுவந்த மாற்றம்.

சகோதரிகள் சொந்தமாக ஒரு பாடசாலை தொடங்கத் திட்டமிட்டார்கள். அதற்குப் பிரெஞ்சு மொழி வேண்டும் என்று, மாமி கொடுத்த பணத்துடன் 1842இல் சார்லொட்டும் எமிலியும் பிரஸல்ஸ் நகரில் ஹெகர் தம்பதியரின் பாடசாலைக்குப் போனார்கள். கொன்ஸ்டன்டின் ஹெகர் சிறந்த ஆசிரியர். சொல்லை வீணாக்காமல் எழுதவும், எழுதியதைக் கண்டிப்பாகத் திருத்தவும் சார்லொட்டுக்குப் பழக்கியவர் அவர். மணமான அந்த ஆசிரியர் மீது சார்லொட்டுக்கு ஏற்பட்ட அன்பு ஒருதலையானது. 1843 கோடை விடுமுறையில் வெறிச்சோடிய பாடசாலைக் கட்டடத்தில் தனியே கிடந்து மனம் நொந்தார். புரட்டஸ்தாந்துக் குருவின் மகளான அவர், தாங்கமுடியாத ஒரு மாலையில் கத்தோலிக்க ஆலயமொன்றுக்குள் நுழைந்து பாவசங்கீர்த்தனம் செய்தார். அடுத்த வருடம் ஊர் திரும்பி அவர் எழுதிய கடிதங்களுக்கு மெல்ல மெல்லப் பதில் நின்றுபோனது. பத்து வருடங்களின் பின் 'வில்லெட்' நாவலில் அந்த விடுமுறையும் அந்த ஆலயமும் அந்த மௌனமும் அப்படியே வந்தன. மனச்சோர்வை உள்ளிருந்து எழுதிய நாவல்களில் இது முன்னோடியானது. நோயாளிகள் சொல்லத் திணறும் பலவற்றை அதில் நான் எழுத்தில் கண்டிருக்கிறேன்.

குருமனையில் பாடசாலை தொடங்கும் விளம்பரம் 1844இல் அச்சடிக்கப்பட்டது. ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை.

மான்செஸ்டரில் ஓர் இருண்ட அறை

பாடசாலை கைகூடாதபோது எழுத்து மிஞ்சியது. 1846 மே மாதம் மூன்று சகோதரிகளும் தங்கள் கவிதைகளைத் தங்கள் செலவில், முப்பது பவுணுக்கு மேல் கொடுத்து வெளியிட்டார்கள். பெண்கள் எழுதியது என்றால் ஒரு கண்ணால் பார்ப்பார்கள் என்பதால் கரர் பெல், எலிஸ் பெல், அக்டன் பெல் என்ற புனைபெயர்கள். விற்றவை இரண்டு பிரதிகள். உடனே மூவரும் ஆளுக்கொரு நாவலை அனுப்பத் தொடங்கினார்கள். எமிலியின் 'வுதரிங் ஹைட்ஸ்', ஆனின் 'அக்னஸ் கிரே' ஆகியவற்றுக்கு ஒரு பதிப்பாளர் கிடைத்தார். சார்லொட்டின் 'புரொபெசர்' திரும்பித் திரும்பி வந்தது. முந்திய பதிப்பாளரின் முகவரியை வெட்டிவிட்டு, அதே கடதாசியில் அடுத்தவரின் முகவரியை எழுதி அனுப்பினார் என்று காஸ்கெல் சொல்கிறார்.

இதற்கிடையில் தந்தைக்குக் கண்புரையால் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. 1846 ஓகஸ்டில் சார்லொட் அவரை மான்செஸ்டர் நகருக்குக் கூட்டிச்சென்றார். மயக்கமருந்தான ஈதரைக் கொண்டு அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பகிரங்கமாகச் சத்திரசிகிச்சை செய்து காட்டப்பட்டது அதே வருடம் ஒக்டோபரில். ஏறத்தாழ இரண்டு மாதம் பிந்தி. ஆகவே 69 வயதான பற்றிக் புரொன்டி விழித்திருக்க, கால்மணி நேரம் ஒரு கண்ணில் கத்தி வைக்கப்பட்டது. தந்தையின் விருப்பப்படி சார்லொட் அந்த அறையிலேயே இருந்தார். பின்னர் கிழமைக்கணக்கில் நோயாளியை இருட்டறையில் அசையாமல் கிடத்தவேண்டும். 'புரொபெசர்' மீண்டும் ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டு வந்ததும் அந்நாளிலேயே. தந்தை இருட்டில் கிடக்க, தமக்குப் பல்வலி வாட்ட, அந்த வாடகை வீட்டிலிருந்து சார்லொட் 'ஜேன் எயர்' நாவலைத் தொடங்கினார். தந்தைக்கு அந்த ஒரு கண்ணில் பார்வை திரும்பியது. நாவலின் முடிவில் குருடனான ரொச்செஸ்டருக்கும் ஒரு கண்ணில்தான் பார்வை திரும்புகிறது.

'புரொபெசர்' நாவலை மறுத்தாலும் மரியாதையாகக் காரணம் எழுதி, வேறொன்று இருந்தால் பார்க்கிறோம் என்று சொன்ன ஒரே நிறுவனம் லண்டன் ஸ்மித் எல்டர். 1847 ஓகஸ்டில் 'ஜேன் எயர்' அங்கே போனது, ஒக்டோபரில் நூலாகியது. உரிமைக்கு 100 பவுண் கொடுத்தார்கள். பின்னர் மேலும் சேர்த்து 500 பவுண் வரை. எழுதியவர் ஆணா பெண்ணா என்று லண்டன் முழுவதும் பேச்சாயிருந்தது. மூன்று பெயர்களும் ஒரே ஆள்தான் என்ற வதந்தி எழுந்தபோது, 1848 ஜூலையில் சார்லொட்டும் ஆனும் இடிமழையில் நடந்து புகையிரத நிலையத்தை அடைந்து, இரவு வண்டியேறி, பதிப்பாளர் முன் போய் நின்றார்கள். நாட்டுப்புற உடுப்பில் நின்ற இரண்டு சிறிய பெண்களைக் கண்டு ஜோர்ஜ் ஸ்மித் திகைத்துப்போனார்.

எட்டு மாதங்கள்

அந்த மகிழ்ச்சி இரண்டரை மாதம்தான் நீடித்தது. மதுவிலும் அபினிலும் வீழ்ந்திருந்த பிரான்வெல் 1848 செப்டெம்பர் 24இல் 31 வயதில் இறந்தார். எமிலி இருமத் தொடங்கினார். வைத்தியரை அருகில் விட மறுத்தார். வழக்கமான வீட்டுவேலையைக் கைவிடவும் மறுத்தார். டிசெம்பர் 19 மதியம் வைத்தியரைக் கூப்பிடலாம் என்று இணங்கியபோது காலம் கடந்திருந்தது. வயது 30. ஆனுக்கும் காசநோய் என்பது சில நாட்களில் தெரியவந்தது. அவர் எமிலி போலன்றி எல்லா மருந்தையும் பொறுமையாக ஏற்றார். அன்றைய மருந்துகளால் பயனேதுமில்லை. கடற்காற்றை நாடி ஸ்காபரோ நகருக்குப் போன மூன்றாம் நாள், 1849 மே 28இல், 29 வயதில் இறந்தார்.

காசநோய்க்கு முதலில் வேலை செய்த மருந்தான ஸ்ரெப்ரோமைசின் 1940களில்தான் வந்தது. இன்று எமது நாட்டில் பிறக்கும் பிள்ளை வைத்தியசாலையை விட்டு வீட்டுக்குப் போகும் முன்னர் பீ.சீ.ஜீ. ஊசி பெற்றுவிடுகிறது. ஆறுமாத மருந்தை ஒழுங்காக எடுப்பவர்களில் பெரும்பாலானோர் சுகமடைகிறார்கள். புரொன்டி சகோதரிகளின் இறப்பைக் கவித்துவமானது என்று எழுதுவோரைப் படிக்கும்போது எனக்கு அந்த மாத்திரைகளின் நினைவுதான் வருகிறது. எமிலி ஒரேயொரு நாவலோடு நின்றார். ஆன் இரண்டோடு. மரியாவும் எலிசபெத்தும் ஒன்றும் எழுதவில்லை.

ஆன் இறந்தபோது சார்லொட்டின் 'ஷேர்லி' நாவல் பாதியில் நின்றிருந்தது. திரும்பி வந்து அதை எடுத்தார். முதலில் எழுதிய அத்தியாயத்தில் கரொலைன் என்ற பெண் கடும் நோயில் படுக்கிறாள். ஆனால் அவள் சாகவில்லை. தாய் வந்து சேர, மீண்டெழுகிறாள். நாவலின் பெயருக்குரிய ஷேர்லியோ, உடல்நலமும் செல்வமும் கிடைத்திருந்தால் எமிலி எப்படி இருந்திருப்பார் என்று எண்ணிப் படைக்கப்பட்டவள். வாழ்க்கையில் கைநழுவியவர்களை அவர் கதைக்குள் வாழவைத்தார். அது நாவலின் ஓட்டத்தைச் சற்றுக் குலைக்கிறது என்பார்கள் விமர்சகர்கள். அதற்கு மேல் அவரிடம் எதைக் கேட்பது?

இரவில் மேசையைச் சுற்றி நடக்கும் வழக்கத்தைச் சார்லொட் விடவில்லை. மூவர் நடந்த இடத்தில் ஒருவர் நடந்தார். அந்தக் காலடி ஓசையைக் கேட்கும்போது மனம் கனக்கும் என்று வீட்டுப் பணிப்பெண் பின்னர் சொன்னார். அந்தத் தனிமையில் பிறந்ததே 1853இல் வந்த 'வில்லெட்'. முடிவை மகிழ்ச்சியாக வைக்கும்படி தந்தை கேட்டார். கடலில் புயல், வரவேண்டியவர் வந்தாரா என்று தெளிவாகச் சொல்லாத ஒரு முடிவு. அவ்வளவுக்குத்தான் அவரால் தந்தைக்கு விட்டுக்கொடுக்க முடிந்தது.

கடைசி வருடம்

தந்தையின் உதவிக் குரு ஆதர் பெல் நிக்கல்ஸ் வெகுகாலமாகச் சார்லொட்டை விரும்பியிருந்தார். தந்தை கடுமையாக எதிர்த்து, பின்னர் இணங்கினார். 1854 ஜூன் 29 திருமணம். கடைசி நேரத்தில் தந்தை ஆலயத்துக்கு வர மறுத்துவிட்டார். மணமகளைக் கைப்பிடித்துக் கொடுக்க ஆளில்லை. அந்த இடத்தில் நின்றவர் ரோ ஹெட் ஆசிரியை மிஸ் வூலர். தோழிப்பெண்ணாக நின்றவர் எலன் நஸி. வகுப்பில் சேர்ந்து 23 வருடங்களுக்குப் பின்னும் அந்தப் பாடசாலை தன் மாணவியைக் கைவிடவில்லை.

எதிர்பாராத அளவு மகிழ்ச்சியான இல்லறம் ஒன்பது மாதம் கிடைத்தது. 1855 ஜனவரியில் கர்ப்பமுற்றார். ஓயாத சத்தி, உணவு தங்கவில்லை, உடல் எலும்பாய்த் தேய்ந்தது. மார்ச் 31இல் இறந்தார். இறப்புச் சான்றிதழில் எழுதப்பட்டது காசநோய். ஆனால் அறிகுறிகளைப் படித்த பிற்கால வைத்தியர் பலர், கர்ப்பகால மிகைவாந்தியே காரணம் என்று கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. இன்று இப்படியொரு தாய் வந்தால் மகப்பேற்று வாட்டில் சேலைன் ஏற்றி, தயமின் உயிர்ச்சத்துக் கொடுத்து, சத்தியை அடக்கும் மருந்து கொடுத்துச் சில நாட்களில் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். பற்றிக் புரொன்டி ஆறு பிள்ளைகளையும் புதைத்துவிட்டு 1861 வரை, 84 வயது வரை இருந்தார். நிக்கல்ஸ் அவரைக் கடைசிவரை பிரியாமல் பராமரித்தார்.

துன்பம் எழுத்தாளரை ஆக்குமா?

இப்போது முதலிற் கேட்ட கேள்விக்கு வரலாம். கோவன் பிரிட்ஜ் இல்லாமல் லோவுட் இல்லை. ஆனால் கோவன் பிரிட்ஜ் நான்கு சகோதரிகளுக்கும் ஒரே பாடத்தையே கொடுத்தது. இருவர் அதிலிருந்து மீளவில்லை. அவர்களில் மூத்தவள் மரியா, அந்த வீட்டில் எல்லாரையும்விடக் கெட்டிக்காரி என்று தந்தையாலும் தங்கையாலும் நினைக்கப்பட்டவள். துன்பம் எழுத்தாளரை ஆக்கும் என்பது உண்மையானால் முதல் எழுத்தாளர் அவள்தான். பிழைத்தவர்களைக் கொண்டு மாத்திரம் துன்பத்தின் பலனைக் கணக்கிடுவது, சுகமாகி வீட்டுக்குப் போனவர்களை மட்டும் எண்ணி ஒரு நோயைச் சாதாரணமானது என்று சொல்வதற்குச் சமம்.

சார்லொட்டைத் தாங்கியவை வேறு. புத்தகங்களைப் பூட்டிவைக்காத தகப்பன், எழுதியதைக் கேட்கக் காத்திருந்த சகோதரிகள், பின்தங்கிய பிள்ளையை அவமதிக்காமல் எட்டிப்பிடிக்க நேரம் கொடுத்த ஆசிரியை, கடிதங்களை எரிக்காமல் வைத்த தோழி. முதற் பாடசாலை அவருக்கு ஒரு காயத்தைக் கொடுத்தது. இரண்டாவது, அந்தக் காயத்தைப் பற்றிப் பேசும் துணிவைக் கொடுத்தது.

எமது பழைய மாணவிகளில் பலர் யுத்தத்தையும் இடப்பெயர்வையும் கண்டவர்கள். மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்கள். அந்தக் கஷ்டம்தான் எங்களை ஆளாக்கியது என்று நாங்கள் இப்போது கனடாவிலும் லண்டனிலும் கொழும்பிலும் இருந்து பெருமையாகப் பேசுவதுண்டு. எங்களோடு அதே வாங்கில் இருந்து படித்து, ஆளாக முடியாமற்போன பிள்ளைகளையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். எங்களை ஆளாக்கியது விளக்கின் புகையல்ல. அந்த விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து பாடம் சொன்ன ஆசிரியைகள்.

நூறு வருடங்களில் எமது பாடசாலை உருவாக்கிய வைத்தியர்கள், பொறியியலாளர்கள், ஆசிரியர்களின் பட்டியல் இந்த மலரின் வேறு பக்கங்களில் நிச்சயம் இருக்கும். பழைய மாணவிகள் சங்கம் விடுதிக்கும் புலமைப்பரிசிலுக்கும் பணம் சேர்க்கும்போது, அந்தப் பட்டியலில் சேரக்கூடிய கெட்டிக்காரியை மாத்திரம் தேடவேண்டாம். காலையில் எழும்ப முடியாமற் கிடக்கும் பிள்ளை, சாப்பாட்டைத் தொடாமல் வைக்கும் பிள்ளை, இரண்டு கிழமையாக இருமும் பிள்ளை இந்த வருடமும் விடுதியில் ஒருத்தி இருப்பாள். முதலில் அவளிடம் போய், ஏன் பிள்ளை, என்ன செய்கிறது என்று கேட்கவேண்டும். கோவன் பிரிட்ஜில் மரியாவிடம் அதை ஒருவரும் கேட்கவில்லை.